பார்சிலோனாவில் ஆறு நாள்

1971-ம் வருஷம் பிப்ரவரி மாதம், ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா துறைமுகத்தில் நடந்தது இது. நடந்தது என்று சொல்கிறேனே தவிர, நடந்ததெல்லாம் தாம்பரத்தில்தான். நான் அங்கே ஜாலியாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரு சரக்குக் கப்பலில் எலக்ட்ரிஷியன். அப்பா ரயில்வேயில் இருந்தவர். ரிட்டயர் ஆவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் அம்மாவும் ஒரே தங்கையும். தங்கை டீச்சர் ட்ரெயினிங் முடித்து, செம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஞாயிறு பூசைக்குப் போகாவிட்டால் அம்மா அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அந்த அளவுக்குக் கத்தோலிக்கர்கள்.

என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அப்பா போன அடுத்த வருஷம் மாமா ஒருவர் தங்கைக்கு ஒரு இடம் பார்த்து, என் காதுக்கு விஷயம் வருவதற்குள் முக்கால்வாசி பேசி முடித்துவிட்டார். லீவில் வந்த நான் வீட்டை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன்.

"நான் உசிரோடதானே இருக்கேன்? என்னைக் கேக்காம இந்த வீட்டுல ஒரு முடிவும் எடுக்கக் கூடாது. எடுத்தீங்கன்னா நான் கப்பலோடயே போயிடறேன், திரும்பி வரவே மாட்டேன்" என்று கத்தினேன்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர், பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மா பயந்துபோய் மாதா படத்துக்கு முன்னால் நின்று, பெரியவன் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்ய மாட்டேன் என்று எனக்கே சத்தியம் செய்து கொடுத்தாள். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. குடும்பத் தலைவன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இப்போது லிஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுச் சாமான் என்றால் ஜனங்கள் வாயைப் பிளந்த காலம் அது. தெருவில் ஒருத்தன் கப்பலுக்குப் போகிறான் என்று தெரிந்துவிட்டால் போதும், தெரு முழுக்க அவனுக்குச் சொந்தம். நான் கப்பல் நிற்கிற ஊர்களையும், உத்தேசமான தேதிகளையும், எந்த ஏஜென்ட் விலாசத்துக்குக் கடிதம் போட வேண்டும் என்பதையும் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வருவேன். ஒவ்வொரு துறைமுகத்திலும் எனக்கு முன்னால் ஒரு கவர் வந்து உட்கார்ந்திருக்கும். அம்மாவுக்கு எழுத வராது. அவள் சொல்லச் சொல்லத் தங்கைதான் எழுதுவாள், முத்து முத்தான டீச்சர் கையெழுத்தில். முதல் நாலு வரி நலம், நலமறிய ஆவல். அப்புறம் லிஸ்ட். பக்கத்து வீட்டு பாய்க்கு சிகரெட் லைட்டர், அவர் சம்சாரத்துக்கு நைலான் புடவை, கோயில் பாட்டு வாத்தியாருக்கு ஊற்றுப் பேனா, எதிர் வீட்டுப் பாப்பாவுக்குக் கண் மூடித் திறக்கிற பொம்மை. மொம்பாசாவில் வந்த கடிதத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். கரையில் கிடைத்த ஒரே மத்தியானத்தை அந்தப் பதினான்கு பேருக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியே தொலைத்தேன். கப்பல் கிளம்பியபோதுதான், மொம்பாசாவில் ஒரு மரத்தைக்கூட நின்று பார்க்கவில்லையே என்று உறைத்தது. வயிறு எரிந்தது.

சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்த சமயம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, நாளைக்கும் கடல், மறுநாளும் கடல் என்று வாரக்கணக்கில் போனோம். அந்த நாட்களில்தான் முடிவு செய்தேன். பார்சிலோனாவில் வரும் கடிதத்தைக் கிளம்பும்வரை பிரிக்கப் போவதில்லை. கப்பல்காரர்கள் பலருக்கும் தெரிந்த தந்திரம் இது. படித்துவிட்டால் வாங்காமல் போக மனசு கேட்காது. படிக்காவிட்டால், ஊருக்குப் போய், "லெட்டர் லேட்டாத்தான்பா கிடைச்சுது" என்று கையை விரித்துவிடலாம்.

திங்கட்கிழமை காலையில் கப்பல் கரை சேர்ந்தது. ஏஜென்ட்டின் ஆள் தபால் பையோடு ஏறி வந்தான். எனக்கு ஒரே ஒரு கவர். தங்கையின் கையெழுத்து. வழக்கத்தைவிடத் தடியாக இருந்தது. இருபது பேருக்குக் குறையாது என்று நினைத்து, அப்படியே லாக்கரில் போட்டுப் பூட்டினேன்.

எங்கள் கப்பலில் இரண்டாவது சமையல்காரன் பல்லாவரத்துக்காரன், முஸ்லிம். நானும் அவனும் ஒன்றாகத்தான் கரைக்குப் போவோம். அவன் தன் கடிதத்தை நின்ற இடத்திலேயே கிழித்துப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"இன்னா மச்சான், வூட்டு லெட்டரு வந்துகீது, பிரிக்காம பூட்டி வெக்கிறே?"

"லிஸ்டுடா. பிரிச்சா நான் செத்தேன்."

"அம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லாம இருந்தா?"

"உடம்பு சரியில்லேன்னா தந்தி வரும். இவ்வளவு தடியா கவர் வராது."

"அது இன்னாவோ போ. எனக்கு லெட்டரு பிரிக்கலேன்னா சோறு எறங்காது" என்றான். அவன் சொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்த வாரம் மழை. சரக்கு இறக்குவது இழுத்துக்கொண்டே போனது. இரண்டு நாள் நிற்க வேண்டிய கப்பல் ஆறு நாள் நின்றது. காலையில் கொஞ்சம் வேலை, மத்தியானத்துக்கு மேல் சுதந்திரம். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வாரம் அதற்கு முன்பு கிடைத்ததில்லை.

துறைமுகத்துக்கு வெளியே வந்தால் உயரமான தூண் மேல் கொலம்பஸ் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். அங்கிருந்து ஊருக்குள் நேராக ஒரு அகலமான சாலை. நடுவில் மரங்களுக்குக் கீழே மனிதர்கள் நடக்கிறார்கள், வண்டிகள் இரண்டு ஓரத்திலும் போகின்றன. என்ன மரியாதை பாருங்கள், நடக்கிறவனுக்கு நடு ரோட்டைக் கொடுத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். வழி நெடுகப் பூக்கடைகள். அப்புறம் கூண்டு கூண்டாகக் குருவி, கிளி, புறா விற்கிற கடைகள். பக்கத்திலேயே பெரிய மார்க்கெட். ஆரஞ்சுப் பழத்தைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். மீனை ஐஸ் மேல் படுக்க வைத்து, விற்கிற பெண்கள் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு நின்றார்கள். தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிற அக்காக்களை நினைத்துக்கொண்டு நானும் அவனும் சிரித்த சிரிப்பில் ஒரு கிழவி எங்களை முறைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பழைய பேராலயத்துக்குப் போனோம். உள் முற்றத்தில் வாத்துகள் வளர்க்கிறார்கள். கோயிலுக்குள் வாத்து! புதன்கிழமை மழையில் நனைந்துகொண்டே இன்னொரு பெரிய கோயிலைப் பார்க்கப் போனோம். எவ்வளவோ வருஷமாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்களாம், முடியவில்லையாம். உள்ளே கூரை இல்லை. கோபுரங்கள் மட்டும் வானத்தில் நிற்கின்றன. நான் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதில் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு சூடான சாக்லெட்டில் ஒரு நீட்டுப் பலகாரத்தை முக்கித் தின்றோம். மத்தியானம் இரண்டு மணி ஆனால் கடைக்காரன் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கப் போய்விடுவான். ஐந்து மணிக்குத்தான் வருவான். அதுவரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்ப்போம். அதுவே சுகமாக இருந்தது.

கடைக்கும் போனேன். பிடிவாதமாக எனக்கு மட்டும் வாங்கினேன். ஒரு ஜோடி தோல் ஷூ, ஒரு தோல் கோட்டு. தாம்பரம் வெயிலில் அந்தக் கோட்டை எங்கே போட்டுக்கொண்டு போவேன் என்று யோசிக்கவே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், எனக்கே என்னைப் பிடித்திருந்தது. சம்பாதிக்கிறவன் நான், ஒரு தடவையாவது எனக்கென்று வாங்கினால் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் பெண்களுக்கான லேஸ் சால்வைகள் தொங்கின. தங்கைக்கு நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் லிஸ்ட் ஞாபகம் வந்து கோபம் வந்தது. வாங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் விடிந்ததும் கப்பல் கிளம்புகிறது. காபினில் கட்டிலில் உட்கார்ந்து, இனி பிரித்தால் பாதகமில்லை, கடைகளெல்லாம் நம் கைக்கு எட்டாது என்று குஷியாக லாக்கரைத் திறந்து கவரைக் கிழித்தேன்.

ஒரு போட்டோ விழுந்தது. கோட்டும் டையுமாக ஒரு வாலிபன். அதனால்தான் கவர் தடியாக இருந்திருக்கிறது. கடிதத்தில் ஒருவருடைய சாமானும் இல்லை.

போட்டோவில் இருப்பவன் பல்லாவரத்துப் பையன். தங்கைக்கு ட்ரெயினிங்கில் ஒரு வருஷம் சீனியர். எத்தியோப்பியாவில் வாத்தியார் வேலை கிடைத்துப் போனவன், லீவில் வந்திருக்கிறான். அவர்களே வீடு தேடி வந்து பெண் கேட்டிருக்கிறார்கள். தங்கைக்கும் அங்கே வேலை வாங்கிவிடலாம் என்கிறார்கள். பிப்ரவரி கடைசியில் அவன் புறப்பட வேண்டும். விட்டால் இரண்டு வருஷம் கழித்துத்தான் வருவான். அந்த மாதம் 24-ம் தேதியே தவக்காலம் ஆரம்பிக்கிறது. தவக்காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லி ஓலை வாசிக்க வேண்டும். அதனால் முதல் ஓலை பிப்ரவரி 7-ம் தேதி ஞாயிறு வாசித்தே ஆக வேண்டும். "பெரியவன் சம்மதம் தந்தியில் வந்ததும் சாமியாரிடம் பேர் கொடுக்கிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் அல்லவா" என்று அம்மா சொல்ல, தங்கை எழுதியிருந்தாள்.

கடைசியில், அம்மாவுக்குத் தெரியாமல் எழுதியதுபோலப் பொடி எழுத்தில் இரண்டு வரி: "அண்ணா, இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை தந்தி கொடு, போதும்."

நாளைக்குத்தான் 7-ம் தேதி.

நான் ஓடிய ஓட்டம்! துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பெரிய தபாலாபீஸ். என் இங்கிலீஷ் அங்கே இருந்தவருக்குப் புரியவில்லை, அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. ஃபாரத்தில் சம்மதம், உடனே நடத்துங்கள் என்று இங்கிலீஷில் எழுதி நீட்டினேன். அவர் வார்த்தைகளை எண்ணிக்கொண்டே இருந்தார். சீக்கிரம், சீக்கிரம் என்று தமிழில் கத்தினேன். சுவரில் கடிகாரம் ஏழு காட்டியது. ஊரில் அப்போது மணி பதினொன்றரை. அம்மாவும் தங்கையும் விளக்கை அணைத்திருப்பார்கள். சாமியார் நாளைக்கு வாசிக்க வேண்டிய ஓலைகளை எழுதி முடித்திருப்பார்.

கப்பலுக்குத் திரும்பி வந்து கடிதத்தைச் சமையல்காரனிடம் நீட்டினேன். அவன் படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தான். "சொன்னேனே" என்றாவது சொல்லியிருக்கலாம். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அந்த டீயைக் குடிக்க என்னால் முடியவில்லை.

அடுத்த துறைமுகத்தில் ஏஜென்ட்டின் ஆள் ஏணியில் ஏறும்போதே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். மெல்லிசான கவர். நாலே வரி. "அம்மா நலம். உன் தந்தி திங்கட்கிழமை வந்தது. அந்த இடம் அமையவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்." அதே முத்து முத்தான எழுத்து. ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை. எனக்கு அழுகை வந்தது அதைப் பார்த்துத்தான்.

ஆகஸ்டில் ஊருக்கு வந்தேன். நடந்ததை அம்மா ஒன்று விடாமல் சொன்னாள். நான் கொடுத்த தேதிப்படி திங்கட்கிழமை கப்பல் வந்திருக்கும், செவ்வாய் தந்தி வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தங்கை தினமும் பள்ளிக்கூடம் விட்டு நேராகத் தந்தி ஆபீசுக்குப் போய், வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவாளாம். புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி கேட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையின் அப்பாவே வந்து எட்டு மணிவரை உட்கார்ந்திருந்தாராம்.

"உங்க பிள்ளைக்கு இஷ்டமில்லைன்னு நினைக்கிறேன்மா. இஷ்டம் இருந்தா ஒரு வார்த்தை வராதா? ஏற்கெனவே ஒரு இடத்தைக் கத்திக் கலைச்சவராமே. நாங்க பொண்ணு கேட்டு வந்தவங்க, இதுக்கு மேல கேக்கறது எங்களுக்கு மரியாதை இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தாராம்.

அவர்களுக்குக் காத்திருக்க நேரம் இல்லை. செங்கல்பட்டில் ஏற்கெனவே பேசி வைத்திருந்த இன்னொரு பெண்ணோடு அந்தப் பையன் பெயரை அடுத்த நாளே ஓலை வாசித்துவிட்டார்கள். என் தந்தி திங்கட்கிழமை காலையில், தங்கை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது வந்திருக்கிறது. அவளே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அம்மா கேட்டாள், "ஏம்ப்பா, லெட்டர் எப்பப்பா கைக்கு வந்துச்சு?"

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன், தங்கை பக்கத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால், கப்பலிலேயே தயார் செய்து வைத்திருந்தேனே, அந்த வாக்கியம்தான் வந்தது.

"லெட்டர் லேட்டாத்தாம்மா கிடைச்சுது. சனிக்கிழமைதான்."

அம்மா என் தலையைத் தடவினாள். "நீ என்னப்பா பண்ணுவே, கடல்ல கெடக்கற புள்ள" என்றாள். அன்று முதல் அவள் கோபமெல்லாம் தபால்காரர் மேல் திரும்பியது. பாவம், எங்கள் தெருவுக்குப் பல வருஷமாக வருகிற மனுஷன். அவர் சைக்கிளை நிறுத்தியதும் அம்மா ஆரம்பித்துவிடுவாள்: "உங்க தபாலால எம் பொண்ணு வாழ்க்கை போச்சுய்யா!" அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவார். "அம்மா, அந்த ஊர்லயா நான் லெட்டர் குடுக்கறேன்? நான் இன்னாம்மா பண்ணுவேன்?" என்பார். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வெளியே வரமாட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்திலிருந்து என் சமையல்கார நண்பன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். நான்தான் அழைத்திருந்தேன். அழைத்தவன் அவனிடம் விஷயத்தைச் சொல்லி வைத்திருக்க வேண்டாமா? புத்தி கெட்டவன், தோன்றவே இல்லை. அம்மா சோறு போட்டுக்கொண்டே வழக்கம்போலத் தபாலைத் திட்ட ஆரம்பித்தாள். அவனுக்கு உண்மையாகவே வருத்தம்.

"அதை ஏம்மா கேக்கறீங்க. அன்னிக்கே சொன்னேன், பிரிச்சிப் பாரு மச்சான், வூட்டு லெட்டராச்சேன்னு. கேட்டாத்தானே. ஆறு நாளும் லாக்கர்லயே..."

என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தாள்.

தங்கை ரசப் பாத்திரத்தோடு உள்ளே வந்தவள், நிற்கக்கூட இல்லை. "அது வேற லெட்டர்மா" என்றாள். "நான் போட்ட லிஸ்ட் லெட்டர். பாய் வீட்டுக்கு லைட்டர் வேணும்னு பொங்கலுக்கு முன்னாடி போட்டேனே, அது. நம்ம லெட்டர் அப்புறம்தான் போச்சு. அண்ணனுக்கு ரசம் ஊத்தட்டுமா?"

அம்மா மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. "அதானே பார்த்தேன்" என்று மறுபடி பரிமாற ஆரம்பித்தாள். நண்பன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். தங்கை என் இலையில் ரசம் ஊற்றினாள்.

மறுநாள் காலை அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியபோது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன். செம்பாக்கம் ஏரிக்கரை வந்தது. ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்தது, எருமைகள் நடுவில் நின்றுகொண்டிருந்தன.

"எப்ப தெரியும் உனக்கு?" என்று கேட்டேன்.

"சமையல்காரண்ணன் சொன்னப்பத்தான். ஆனா சந்தேகம் இருந்துச்சு. நீ அம்மாகிட்ட சொல்றப்ப என் முகத்தைப் பார்க்கல."

"என்னைக் காப்பாத்திட்டே" என்றேன். எவ்வளவு மடத்தனமான வார்த்தை.

அவள் நின்றாள். "உனக்காகச் சொல்லலைண்ணா. அப்பா போனப்புறம் அம்மாவுக்கு நீதான் எல்லாம். ஜெபத்துல உன் பேரைத்தான் முதல்ல சொல்லுது. அது உன்னை நம்பிக்கிட்டே இருக்கட்டும். நானும் நம்பணும்னு மட்டும் எங்கிட்ட கேக்காதே."

மறுபடி நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள், "அந்த ஆறு நாளும் அங்க என்னதான் பார்த்தே?"

நான் சைக்கிள் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"சொல்லேன். நான் ஆறு நாளும் தந்தி ஆபீஸ் ஜன்னலைத்தான் பார்த்தேன். நீயாவது நல்லதா எதையாவது பார்த்திருப்பியே."

குத்திக் காட்டுகிறாளா, நிஜமாகக் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. கட்டி முடிக்காத அந்தக் கோயிலைப் பற்றிச் சொன்னேன். கூரை இல்லாமல் கோபுரம் மட்டும் நிற்பதை, மழை உள்ளே பெய்வதை, புதன்கிழமை அங்கே நின்றதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்து வாசல் வந்தது. மணி அடித்தது. "சரிண்ணா, பிள்ளைங்க வந்துடுவாங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் இன்னும் பல வருஷம் கப்பலில் இருந்தேன். எந்த ஊரில் எந்தக் கடிதம் வந்தாலும் கை கழுவாமல்கூடப் பிரித்துவிடுவேன். அம்மா சார்பில் அவள்தான் எழுதினாள். லைட்டர் கேட்டாள், பேனா கேட்டாள், பொம்மை கேட்டாள், எல்லாம் மற்றவர்களுக்கு. தனக்கென்று ஒரு ஊசி நூல்கூடக் கேட்டதில்லை. இடையில் நாலைந்து இடங்கள் வந்தன. ஒவ்வொரு தடவையும் அன்றைக்கே தந்தி அடித்தேன், சம்மதம் என்று. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அம்மா அழுது பார்த்தாள், சாமியாரை வைத்துப் பேசிப் பார்த்தாள். "எனக்கு இஷ்டமில்லைம்மா" என்பதற்கு மேல் ஒரு காரணமும் அவள் சொல்லவில்லை. அப்புறம் வயது போயிற்று, இடங்கள் வருவதும் நின்றது.

எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் பார்த்ததிலிருந்து பந்தல் பிரிக்கிறவரை முன்னால் நின்று நடத்தியது அவள்தான். என் பெயரில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் அவள் அம்மாவோடு முதல் வரிசையில் உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். நான் பின்னால் ஆண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சாமியார் என் பெயரைச் சொன்னபோது எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா சாகும்வரை அந்தத் தபால்காரரை மன்னிக்கவில்லை. என்னை மன்னிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. தங்கை இப்போது செம்பாக்கத்தில், என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கிறாள். வாரம் ஒரு தடவை போகிறேன். காபி கொடுப்பாள், என் முழங்கால் வலியைப் பற்றி விசாரிப்பாள். என் கோபமெல்லாம் என்றோ வற்றிவிட்டது, வாய்தான் இன்னும் வரவில்லை. என்னை மன்னித்துவிடு என்று அவளிடம் சொல்லத்தான் ஒவ்வொரு வாரமும் கிளம்புகிறேன், காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.